கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ (ஸ்டம்பை நோக்கிப் போகும் பந்தை மட்டையாளர் உடம்பால் தடுத்தால் அவுட்): பந்து காலில் பட்டும் சில நேரம் அவுட் தருவதில்லையே, ஏன்?

நோ-பால் (விதிமீறி வீசிய பந்து) என்றாலோ, பந்து முதலில் மட்டையில் உரசியிருந்தாலோ பேச்சே இல்லை, நாட் அவுட்.

அடுத்து, பந்து தரையில் குத்திய இடம். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தினால், அது நடு ஸ்டம்பைப் பெயர்க்கப் போனாலும் அவுட் கிடையாது. புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். (லெக் என்பது மட்டையாளர் ஆட நிற்கும்போது அவர் கால்கள் இருக்கும் பக்கம், ஆஃப் என்பது அதற்கு எதிர்ப்பக்கம், இடக்கை ஆட்டக்காரருக்குப் பக்கம் மாறிவிடும்.)

பந்து உடம்பில் பட்ட இடமும் ஸ்டம்புகளுக்கு நேராக இருக்க வேண்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டால் தப்பிக்கலாம், ஆனால் மட்டையால் ஆட உண்மையாகவே முயன்றிருக்க வேண்டும். சும்மா காலை நீட்டித் தடுத்தால் அந்தச் சலுகை போய்விடும்.

கடைசியாக, தடுக்காவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா? ஆம் என்றால் அவுட்.

காலில்தான் படவேண்டும் என்பதுமில்லை. 1999 அடிலெய்டு டெஸ்டில் டெண்டுல்கர் குனிந்து, பந்தைத் தோளில் வாங்கி வெளியேறினார்.