வெறும் கையெழுத்துத்தானே?

கேள்வி: வாடிக்கையாளரின் கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள் என்று அமெரிக்காவில் பங்குத் தரகர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிறார்களாம். ஒரு சதமும் களவு போகாதபோது, வெறும் கையெழுத்துக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு?
– வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: அந்த ‘வெறும்’ என்பதை எடுத்துவிடுங்கள் ஐயா. அங்கே தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு, “நீங்களே போடுங்கள்” என்று வாடிக்கையாளர் வாயால் சொல்லியிருந்தாலும் அதைப் பொய்ப் பதிவாகத்தான் பார்க்கிறது. அபராதமும் உண்டு, தொழில் தடையும் உண்டு. அதுதான் சரி. நாளைக்குத் தகராறு என்று வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. தாளே பொய் என்றால் யாரிடம் போய் முறையிடுவது? கணினியில் போடும் கையெழுத்திலும் இந்தத் தில்லுமுல்லு நடக்கிறது என்று 2022 இல் நிறுவனங்களுக்குத் தனி அறிவித்தலே விட்டார்கள்.

அமெரிக்கா வரை போவானேன்? அரசு கடன் வாங்குவதற்காக நம் மத்திய வங்கி 2015 பெப்ரவரி 27 இல் நடத்திய பிணைமுறி ஏலம் நினைவிருக்கும். 100 கோடி ரூபாய்க்குக் கேள்வி கோரி, 1,000 கோடியளவில் ஏற்றார்கள். 2017 இல் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தபோது, அந்த ஏலத்தில் பெரும்பங்கு வாங்கிய பேர்பச்சுவல் ட்ரெஷரீஸ் நிறுவனத்தின் தொலைபேசி உரையாடல் பதிவுகள் அழிக்கப்பட்டன என்று அங்கே வேலை பார்த்தவரே சாட்சி சொன்னார். அந்த யூலையில் மத்திய வங்கி அதன் முதனிலை வணிகர் தொழிலை, அதாவது அரச பிணைமுறிகளை ஏலத்தில் நேரடியாக வாங்கி விற்கும் தொழிலை, இடைநிறுத்தியது.

சரி, நம்மூருக்கு வாருங்கள். திருகோணமலையில் ஏதாவதொரு லீசிங் கம்பனிக் கிளையில் அரை மணித்தியாலம் உட்கார்ந்து பாருங்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த பத்துப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. “குறி போட்ட இடத்திலெல்லாம் சைன் வைங்கம்மா.” தொகை, வட்டி, திகதி என்று இருக்கும் கட்டங்கள் எல்லாம் காலி. பிறகு நிரப்பிக்கொள்வார்களாம். மூதூரிலிருந்து வள்ளத்துக்கு எஞ்சின் எடுக்க வந்த மனிதர் குனிந்து, நிமிராமல், கடைசிப் பக்கம் வரை வைத்துவிட்டுப் போகிறார். பொய்ப் பதிவு இந்த மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

தமிழும் அரசகரும மொழி என்று 1987 இலேயே 13 ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. தமிழ்ப் படிவம் கேட்டால் மட்டும் “கொழும்பிலிருந்து வரவேண்டும்” என்கிறார்கள். இதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். படிவம் வரும்வரை எழுதுவேன். போனமுறை எழுதியதும் முகவர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்து, பிழைப்பில் மண் போடுகிறேன் என்று சண்டை பிடித்தார். எழுதாத படிவத்தில் கையெழுத்து வாங்கித்தான் பிழைப்பு என்றால் அது கெடட்டும்.

அபராதம் போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: போதாது. அபராதக் காசு ஏமாந்தவர் கைக்கு வருவதில்லை, பொய்யாக எழுதிய தாளும் அதனால் திருந்துவதில்லை. நீங்கள் பங்கு வைத்திருப்பவர் என்றால் தரகர் தரும் கணக்கோடு நிற்காதீர்கள். பங்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்று பதிந்து வைக்கும் சி.டி.எஸ். எனப்படும் மத்திய வைப்பில் உங்கள் பெயரில் தனிக் கணக்கு இருக்கிறது. அதன் அறிக்கையை எடுத்து ஒப்பிடுங்கள். கணக்குத் திறந்தபோது கொடுத்த தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். முகவருடையதாக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். கணக்கு உதைத்தால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். பதில் எந்த மொழியில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.