நன்றியுரையில் என் பெயர் இல்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 47. ஓர் அலுவலகத்தில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆண்டறிக்கையை எழுதுவது நான். கையெழுத்து மட்டும் மேலதிகாரியுடையது. போன மாதம் விழா மேடையில் அதைப் பாராட்டினார்கள். மூன்று இரவு உட்கார்ந்து, அடித்துத் திருத்தி நான் எழுதிய முதல் பத்தியை அவர் வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நன்றியுரையில் ஒலிபெருக்கி வைத்தவர் வரைக்கும் சொன்னார்கள், என் பெயர் வரவில்லை.

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் கணக்கில் செய்யும் தவறுகளை அவளுக்கே தெரியாமல் திருத்தி வைப்பேன். அதை யாரிடமும் சொல்லத் தோன்றியதே இல்லை. இது மட்டும் ஏன் இப்படி உறுத்துகிறது? “யார் உன்னை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யச் சொன்னது?” என்கிறார் கணவர். நான் அற்பமாகிவிட்டேனா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லவே இல்லை. அந்தப் பெண்ணுக்குச் செய்தது நீங்களாக மனமுவந்து கொடுத்தது. அறிக்கையின் பெருமையை உங்களைக் கேட்காமலே இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ‘நல்லவள் எதையும் எதிர்பார்க்கக் கூடாது’ என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்ததால்தான் உங்கள் மேலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் தம்பதிகளிடம், வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான தம்பதிகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழு வேலையையும் தாண்டிப் போனது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது சட்டென்று ஞாபகத்துக்கு வரும், அடுத்தவர் செய்தது அப்படி வராது. உங்கள் மூன்று இரவுகளை மேலதிகாரி பார்க்கவே இல்லையே. அவருக்காக வாதாட இதைச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அவருக்கு அது தெரியாமலே போய்விடும்.

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு 1866-இல் அச்சானது. உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது 1900-இல். அவர் 1884-லேயே இறந்துவிட்டார். இப்படி ஒரு கதையைச் சொல்லி உங்களை ஆற்ற எனக்கு மனம் வரவில்லை. இருக்கும்போதே ஒரு நல்ல வார்த்தை கேட்க ஆசைப்படுவதில் என்ன தப்பு?

அடுத்த அறிக்கையைத் தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள்: “சார், தயாரித்தவர் என்று என் பெயரையும் போடலாமா?” விழா முடிந்தபின் கேட்டால் புகார் போல ஒலிக்கும். அவர் மறுக்கவும் கூடும். மறுத்தால், அந்த இரவுகளை இனியும் தருவதா என்று நீங்கள் தீர்மானிக்கலாம். அது பழிவாங்குவது ஆகாது.

அந்தப் பெண்ணின் கணக்கைப் பற்றி ஒன்று: தவறு எங்கே என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அவளுக்கு அதுதான் பெரிய உதவி.

கணவரின் கேள்வியில் உங்கள் மேல் உள்ள அக்கறையும் இருக்கலாம். அவரோடு வாதம் வேண்டாம். இன்றிரவே அந்த முதல் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்; எந்த வரிக்காக அதிக நேரம் விழித்திருந்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.