செயின்ட் ஆண்ட்ரூஸில் என்ன இருக்கிறது? - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள ஓல்டு கோர்ஸ் என்ற பழைய கோல்ஃப் மைதானத்தை வடிவமைப்பின் உச்சம் என்று நீங்கள் எழுதியதை வாசித்ததிலிருந்து ஒருமுறை அங்கே போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எடின்பரோவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாக இருந்தது. டி.வி.யில் அமெரிக்காவின் ஆகஸ்டா கோல்ஃப் மைதானத்தைப் பார்த்திருக்கிறேன். பச்சைப் பசேலென்ற புல், பூத்துக் குலுங்கும் புதர்கள், அசையாத குளம். இங்கே பழுப்பேறிய புல்லும் மேடுபள்ளமும்தான். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அன்று யாரும் ஆடவும் இல்லை. நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள், மைதானத்துக்குக் குறுக்கே ஒரு ரோடு வேறு போகிறது. யார் வடிவமைத்தது என்று கேட்டால் யாருமில்லை என்கிறார்கள். யாருமே வடிவமைக்காத ஒன்றை வடிவமைப்பின் உச்சம் என்று எப்படிச் சொல்வது? பழையது என்பதற்காகவே கும்பிடுகிறோமா? அப்புறம், கோல்ஃப் மரபு என்று நீங்கள் இவ்வளவு பிரியமாக எழுதுவது பணக்காரர்களின் கிளப் வாழ்க்கையைத்தானே?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

மனதில் பட்டதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. முதல்முறை பார்க்கும்போது பலருக்கும் இப்படித்தான் இருக்கிறது. உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டாம் ஹோலில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். (பந்தை ஒரு குழியில் போடும்வரை உள்ள ஆட்டத்தின் ஒரு கட்டம் ஒரு ஹோல்.)

நான் அங்கே ஆடியது ஒரே ஒருமுறை. பெயர் கொடுத்து, குலுக்கலில் வந்து, ஒரு நாள் காலை ஆடக் கிடைத்தது. பன்னிரண்டாம் ஹோலின் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்று பார்த்தால் எதிரே அகலமான வெறும் தரை. தடை என்று கண்ணில் படுவது ஒன்றுமில்லை. நடுவே நேராக அடித்தேன், நல்ல அடி. மட்டைகளைச் சுமந்து என்னோடு வந்த கேடி பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நடந்து போய்ப் பார்த்தால் பந்து ஒரு பங்கருக்குள், மணல் குழிக்குள், கிடக்கிறது. அதுவும் டீயிலிருந்து போகும் ஃபேர்வே என்ற புல்பாதையின் நடுவில்! எனக்குக் கோபம் வந்தது. கண்ணுக்கே தெரியாத குழியை வைத்துவிட்டு இதை ஆட்டம் என்கிறார்களே என்று நினைத்தேன். ஒருவழியாக, குழி இருக்கும் கிரீன் என்ற வழுவழுப்பான புல்தரைக்கு வந்து சேர்ந்ததும் பெரியவர் என் தோளைத் தொட்டு, "இப்போது திரும்பிப் பாருங்கள்" என்றார்.

திரும்பினேன். வந்த வழி முழுக்கப் பங்கர்கள். மண் வெட்டிய முகம் ஒவ்வொன்றும் என்னைப் பார்த்து நிற்கிறது. முன்னொரு காலத்தில் இந்த மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடினார்கள். அப்படி வருகிறவனுக்கு இவை கண்ணெதிரே இருந்தவை. ஆடும் திசை மாறியது, குழிகளை யாரும் மூடவில்லை. அதனால் இன்று டீயில் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாததை மனதில் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். ஒருமுறை விழுந்தவன் மறுமுறை அந்தத் தரையை வேறுமாதிரி பார்ப்பான். அந்த மைதானத்தின் மேல் எனக்குப் பிரியம் தொடங்கியது அங்கே, அந்த நிமிஷத்தில்தான்.

சரி, யார் வடிவமைத்தது? யாருமில்லை என்பது பாதி உண்மை. காகிதத்தில் வரைந்தவர் யாருமில்லை. கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல், அதன் மேல் மெல்லிய புல், புல்லைக் கடித்துக் குட்டையாக வைத்திருந்த முயல்களும் ஆடுகளும். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த பள்ளங்கள்தான் பின்னால் பங்கர்கள் ஆயின என்று சொல்வார்கள். முள்புதர்களுக்கு நடுவே ஒடுக்கமான ஒரு பாதை. அதில் கடைசிவரை ஆடிக்கொண்டு போய், அதே ஹோல்களில் ஆடிக்கொண்டே திரும்ப வேண்டும். 1764 வரை ஒரு சுற்றுக்கு 22 ஹோல். அந்த வருடம் சிலவற்றைச் சேர்த்து 18 ஆக்கினார்கள். உலகம் முழுக்க இன்று கோல்ஃப் 18 ஹோலாக இருப்பது இங்கிருந்து வந்ததுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டம் கூடியது. போகிறவனும் வருகிறவனும் ஒரே குழிக்கு முன்னால் மோதிக்கொள்ளாமல் இருக்க கிரீனை அகலமாக்கி இரண்டு குழி போட்டார்கள். அப்படி வந்தவைதான் அந்தப் பிரம்மாண்டமான இரட்டை கிரீன்கள், மொத்தம் ஏழு. இரண்டாம் ஹோலும் பதினாறாம் ஹோலும் ஒரு கிரீன், மூன்றும் பதினைந்தும் ஒன்று, பன்னிரண்டுக்கு ஜோடி ஆறு. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும்! அந்த ஊரின் பெரிய ஆட்டக்காரர் ஆலன் ராபர்ட்சன் காலத்தில் பாதையை அகலப்படுத்தினார்கள். அவருக்குப் பின்னால் வந்த டாம் மாரிஸ் இதே ஊரில் 1821இல் பிறந்தவர். 1865 முதல் 1903 வரை மைதானத்தைப் பார்த்துக்கொண்டார். முதல் கிரீனும் கடைசி கிரீனும் அவர் கைவேலை. புல்லுக்கு மேல் மணல் தூவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய வைத்தியம், இன்றைக்கும் புல் வளர்க்கிறவர்கள் அதைச் செய்கிறார்கள். ஆக, ஆடியவர்களும் பராமரித்தவர்களும் தலைமுறை தலைமுறையாகக் கைவைத்த வடிவம் இது. இருப்பதை அழிக்காமல், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கைவைத்தார்கள். அதை வடிவமைப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

பதினேழாம் ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள். ரோடு ஹோல் என்பார்கள். டீயிலிருந்து பார்த்தால் வலதுபக்கம் ஹோட்டலை ஒட்டிய கொட்டகை, பழைய ரயில்வே கொட்டகையின் சாயலில் கட்டியது. அதன் கூரைக்கு மேலேயே அடிக்கத் துணிந்தால் அடுத்த அடிக்கு நல்ல கோணம் கிடைக்கும். பயந்து இடதுபக்கம் போனால் இப்போதைக்கு ஆபத்தில்லை. ஆனால் அங்கிருந்து கிரீனைப் பார்த்தால் நடுவே ரோடு பங்கர் நிற்கும். கிரீனோ ஒடுக்கமானது, மேடானது, குறுக்குவாட்டில் கிடக்கிறது. பங்கருக்குப் பயந்து கொஞ்சம் பலமாக அடித்தால் பந்து பின்னால் உள்ள ரோட்டில் போய் விழும், ரோட்டைத் தாண்டினால் கல்சுவர். ரோட்டிலிருந்தே ஆட வேண்டியதுதான், சலுகை கிடையாது. டீயில் கொடுக்காத விலையைக் கிரீனில் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்த ஹோலின் கணக்கு.

அந்தப் பங்கரின் ஓரத்தில் நான் குனிந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குழி சின்னதுதான். ஆனால் சுற்றியுள்ள நிலம் முழுக்க அதை நோக்கிச் சரிகிறது. முற்றத்துத் தண்ணீர் மடையைத் தேடிப் போவதுபோல பந்து தானாக அங்கே போய்ச் சேரும். பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓபனில், 1978இல், ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். பட்டர் என்ற உருட்டும் மட்டையால் மெதுவாகத் தட்டிய பந்து சரிவில் திரும்பிப் பங்கருக்குள் போயிற்று. வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகி, அந்த ஒரு ஹோலுக்கு 9 அடி. மாறாக 2000 ஓபனில் டைகர் வுட்ஸ் நான்கு நாளும் 72 ஹோலும் ஆடி ஒரு பங்கரில்கூட விழவில்லை. மைதானத்தில் 112 பங்கர் இருக்கின்றன. அடுத்து வந்தவரைவிட எட்டு அடி குறைவாக அடித்து ஜெயித்தார். அவர் பலமாக அடித்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள், எனக்கு அவர் எங்கே அடிக்காமல் இருந்தார் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

ஆகஸ்டாவைச் சொன்னீர்கள். அந்த மைதானத்துக்குத் தாய்வீடு நீங்கள் பார்த்து முகம் சுளித்த இடம்தான். அதை உருவாக்கியவர்கள் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸும் ஆலிஸ்டர் மெக்கென்சியும். மெக்கென்சி ஒரு டாக்டர். ஓல்டு கோர்ஸின் மேடுபள்ளங்களை அளந்து 1924இல் வரைபடமாகவே கொண்டுவந்தவர். ஜோன்ஸ் தன் 19 வயதில், 1921 ஓபனில் இங்கே முதல்முறை ஆடினார். மூன்றாம் சுற்றில் பதினோராம் ஹோலின் பங்கரில் சிக்கி, பொறுமை இழந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்து விலகினார். ஆறு வருடம் கழித்து அதே மைதானத்தில் ஓபனை ஜெயித்தார். 1958இல் ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. நடக்கவே சிரமப்படுத்தும் நோயோடு வந்திருந்தார். என் வாழ்க்கையிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் அனுபவங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் நிறைவான வாழ்க்கை மிச்சமிருக்கும் என்று அன்று பேசினார். அவர்கள் இருவரும் 1933இல் திறந்த ஆகஸ்டாவில் அகலமான ஃபேர்வே, குறைவான பங்கர், தரையில் உருளும் பந்து என்று இங்கே கற்றதைத்தான் வைத்தார்கள். டி.வி.யில் நாம் பார்க்கும் பூவும் குளமும் அதன் அலங்காரம். எலும்பு ஸ்காட்லாந்துடையது.

பழுப்பு நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பச்சையாக வைத்த தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்போது நிலம் எப்படி இருந்தால் என்ன? இங்கே தரை காய்ந்து இறுகியிருப்பதால் பந்து விழுந்த பிறகுதான் ஆட்டமே தொடங்குகிறது. 1995 ஓபனின் கடைசி ஹோலில் இத்தாலியின் கோஸ்டான்டினோ ரோக்கா கிரீனுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் மாட்டிக்கொண்டார். பந்தைத் தூக்கி அடிக்காமல் பட்டரை எடுத்துத் தரையோடு தட்டினார். பந்து பள்ளத்திலிருந்து ஏறி, மேட்டில் வளைந்து, அறுபது அடிக்கு மேல் உருண்டு குழிக்குள் விழுந்தது. ரோக்கா அப்படியே குப்புற விழுந்து தரையைக் குத்தினார். பிறகு நடந்த கூடுதல் ஆட்டத்தில் ஜான் டேலி ஜெயித்தார் என்பது வேறு விஷயம். மெத்தென்ற பச்சைத் தரையில் அந்த அடி நடந்திருக்காது. நான் பழுப்பின் பக்கம்தான்.

இனி அந்தப் பணக்காரர் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். அந்த முதல் டீக்குப் பின்னால் நிற்கும் கம்பீரமான கல் கட்டடத்தைப் பார்த்து மைதானமும் அந்தக் கட்டடத்துக்காரர்களுடையது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1754இல் தொடங்கிய ஆர் அண்ட் ஏ (ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்) கோல்ஃப் கிளப்பின் கட்டடம். மைதானம் அவர்களுடையது அல்ல, ஊருடையது. அந்த நிலத்தில் விளையாட ஊராருக்கு உள்ள உரிமையை 1552இல் ஆர்ச்பிஷப் ஹாமில்டனின் சாசனம் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. 1797இல் கடன்பட்ட நகரசபை நிலத்தை விற்றது. அது முயல் வளர்க்கிறவர்கள் கைக்குப் போய், முயல்கள் வளை தோண்ட, ஊரார் முயலைக் கொல்ல, வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. 1821இல் பக்கத்து நிலக்கிழார் ஒருவர் வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894இல் ஊரே திரும்ப வாங்கிக்கொண்டது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. நீங்கள் குறுக்கே பார்த்த அந்த ரோடு பொதுவழி. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா கடக்கும்வரை, உலக சாம்பியனாக இருந்தாலும் நின்றுதான் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டிகள் இருந்தால் தவிர ஆட்டம் கிடையாது, புல்லுக்கு ஓய்வு, ஊருக்குப் பூங்கா. ஆகவே நீங்கள் போனது சரியான நாள். யாரும் ஆடவில்லையே என்று எழுதியிருந்தீர்கள், அந்த மரபின் ஆகப் பழைய முகம் அதுதான்.

எல்லாமே அழகு என்று சொல்ல மாட்டேன். அந்தக் கல் கட்டடத்து கிளப் பெண்களை உறுப்பினராக ஏற்றது 2014இல்தான். 260 வருடம்! அதை எந்த மரபின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. வெளியூர்க்காரர் கோடையில் ஒருமுறை ஆட 300 பவுண்டுக்கு மேல் ஆகிறது, அதுவும் மனதை உறுத்துகிறது. ஊர்க்காரர்களுக்குக் குறைந்த விலையில் வருடச் சீட்டு உண்டு. வெளியாள் ஓரிரு ஆட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தில் அவர்கள் வருடம் முழுக்க ஆடலாம். தபால்காரரும் பள்ளி ஆசிரியையும் ஆடுகிற ஆட்டமாக அது அங்கே இன்னும் இருப்பது அதனால்தான்.

கடைசியாக ஒன்று. மைதானத்துக்குப் பக்கத்திலேயே, கடற்கரைப் பக்கம், மேடும் பள்ளமுமாக ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது, ஒருவேளை கவனிக்காமல் போயிருப்பீர்கள். பெயர் ஹிமாலயாஸ். 1867இல் அந்த ஊர்ப் பெண்கள் தங்களுக்கென்று தொடங்கிய கிளப்பின் இடம். அந்தக் காலத்தில் பெண்கள் முழு ஆட்டம் ஆடுவதை யாரும் ஏற்கவில்லை, அவர்கள் பட்டரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மலைகளில் ஆடினார்கள். உறுப்பினர்கள் ஆடும் நேரம் போக மற்ற நேரங்களில் யார் வேண்டுமானாலும் சில பவுண்டு கொடுத்து ஆடலாம். பட்டரும் பந்தும் அவர்களே தருவார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் பக்கம் தட்டினால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று உங்களைவிட அவள் சீக்கிரம் கண்டுபிடிப்பாள்.

அப்புறம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓல்டு கோர்ஸுக்குள் நடங்கள். வெயில் சாயும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும், மதியம் தட்டையாகத் தெரிந்த தரை முழுக்க அலை அலையாக எழுந்து நிற்கும். பன்னிரண்டாம் கிரீன் வரை போய், ஊருக்கு முதுகைக் காட்டி நின்று, வந்த ஃபேர்வேயைப் பாருங்கள். எத்தனை பங்கர் தெரிகிறது என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். பிறகு டீக்கு நடந்து போய் அங்கிருந்து ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.