அக்காவைக் கேளுங்க: தகரம் அடிச்ச வீடும் வேப்பம்பூவும்

கேள்வி: அக்கா, கொரோனாவுக்கு லாக்டவுன் போட்டப்போ நான் சின்ன பொண்ணு. வீட்டுல பேச்செடுத்தா "அந்த 21 நாளு"ன்னு ஆரம்பிச்சு மாசக்கணக்குல கதை சொல்றாங்க. நெஜமா எத்தனை நாள், நம்ம ஏரியா எப்படி இருந்துச்சு?
- மாணவி, கொருக்குப்பேட்டை

பதில்: ரெண்டுமே சரிதான் கண்ணு. 2020 மார்ச் 22 ஞாயித்துக்கிழமை ஒரு நாள் ஊரடங்கு, சாயங்காலம் 5 மணிக்கு வாசல்ல நின்னு தட்டு தட்டினோம். 24-ஆம் தேதி சாயங்காலம் 6 மணிலேர்ந்து தமிழ்நாடு முழுக்க 144, அன்னிக்கு ராத்திரியே நாடு முழுக்க 21 நாள்னு அறிவிச்சாங்க. அது முடியுற அன்னிக்குதான் நமக்கு சித்திரை 1, ஏப்ரல் 14. காலைல மாங்கா பச்சடிக்கு வெல்லத்தை தட்டிக்கிட்டே டிவி பாக்குறேன், மே 3 வரைக்கும்னு சொல்றாங்க, அப்புறம் 17 ஆச்சு, அப்புறம் 31 ஆச்சு.

"வீட்டுலயே இருங்க"ன்னாங்க, நம்ம பக்கம் வீடு பாதி தெருவுலதானம்மா இருக்கு. பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர், பாத்திரம் கழுவுறது துணி அலசுறது பசங்க கேரம் ஆடுறது வயசானவங்க காத்து வாங்குறது எல்லாமே வாசல்லதான், அதை எப்படி உள்ள இழுத்துப்போட்டு கதவ சாத்துறது? அடி பம்பு கிட்ட இடைவெளி விட்டு நிக்கணும்னு பெயிண்ட்ல வட்டம் போட்டாங்க. வட்டத்துல குடம் நிக்கும், ஆளுங்க எல்லாம் பக்கத்து வேப்பமரத்து நிழல்ல ஒண்ணா நிப்போம், ஏன்னா பங்குனி வெயில் அப்படி, அந்த மரம் ஒண்ணுதான் நிழல். அந்த வருஷம் பூ கொட்டோ கொட்டுன்னு கொட்டி குடத்துத் தண்ணியில எல்லாம் மிதந்துச்சு. எலெக்ட்ரிக் ட்ரெயினும் நின்னுபோச்சு. எங்க மாமியார் விடிகாலை மொத வண்டி சத்தத்துக்கு எந்திரிச்சு பழகினவங்க, பாவம் பத்து நாள் தப்பு தப்பா எந்திரிச்சு இருட்டுல உக்காந்திருந்தாங்க.

ரேஷன்ல 1000 ரூபாய் குடுத்தாங்க, அரிசி பருப்பு சக்கரை எண்ணெயும் வந்துச்சு. ஆனா தினக்கூலிக்குப் போற வீட்டுக்கு அது எத்தனை நாள் தாங்கும், நீயே கணக்கு போட்டுப் பாரு. ஏப்ரல் 26-லேர்ந்து நாலு நாள் சுத்தமா எல்லாத்தையும் மூடப்போறாங்கன்னதும் 25-ஆம் தேதி கடைங்கள்ல இருந்த கூட்டத்தை நான் மறக்கவே மாட்டேன், எதுக்காக மூடுறாங்களோ அதையே ஒரே நாள்ல பரப்பிட்டோமேன்னு அன்னிக்கு வயிறு கலங்கிப்போச்சு.

கேள்வி: அப்போ காசிமேட்டுல மீன்பிடி தடைக்காலம் இருந்துச்சா இல்லையா? எனக்கும் மச்சானுக்கும் பந்தயம்.
- வாசகர், ராயபுரம்

பதில்: இருந்துச்சு தம்பி. வழக்கமா ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. 2020-ல அதை மே 31 வரைக்கும்னு 47 நாளா குறைச்சாங்க, ஏன்னா ஊரடங்குலயே தொழில் நின்னு ஜனங்க நொந்துபோயிருந்தாங்க. எங்க வீட்டுல அந்த நாள் எல்லாம் கருவாடுதான்.

கேள்வி: அக்கா, இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. 2020 மே மாசம் எங்க ஸ்டோர்ல, அதான் பல குடும்பம் ஒண்ணா குடியிருக்கற வீட்டுல, பக்கத்து போர்ஷன் அக்காவுக்கு கொரோனா பாசிட்டிவ் வந்து, யாரும் உள்ள வெளிய போகாம இருக்க வாசல்ல தகரம் அடிச்சாங்க. நான் ஜன்னலை சாத்திட்டேன். அவங்க திரும்பி வந்த அப்புறமும் பம்பு வரிசையில அவங்க குடத்தை நான்தான் காலால தள்ளி ஓரமா வெச்சேன், அவங்க பாத்துட்டாங்க. அதுலேர்ந்து வா போன்னு மட்டும்தான் பேச்சு. இப்போ அவங்க பொண்ணுக்கு கல்யாணம், ஸ்டோர் முழுக்க பத்திரிகை வெச்சாங்க, எங்களுக்கு வெக்கல.
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இதை எழுதினதுக்கே உங்களுக்கு பெரிய மனசு வேணும்மா. அப்போ ராயபுரம் மண்டலம்தான் சென்னையிலயே அதிக கேஸுன்னு தினமும் நியூஸ்ல ஓடிக்கிட்டிருந்துச்சு, ஒரே பாத்ரூமை அஞ்சு குடும்பம் பொழங்குற எடத்துல குழந்தைங்களை வெச்சிருந்தவங்க பயந்தது தப்பே இல்ல. ஆனா குடத்தை காலால தள்ளினது பயம் இல்ல, அது உங்களுக்கே தெரியும், அதனாலதான் இன்னும் உறுத்துது.

எங்க வீட்டுலயும் தகரம் அடிச்சாங்க. 14 நாள். உள்ள இருக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னா, வெயில்ல தகரம் காய்ஞ்சு வாசப்பக்கம் அனலா அடிக்கும், தெருவுல யாராவது நடந்தா காலடி சத்தம் நம்ம வீடு வந்ததும் வேகமாவும், அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருப்போம். மேல் வீட்டு அம்மா மட்டும் தினமும் கயித்துல பை கட்டி இறக்குவாங்க. பால் பாக்கெட்டு, ரெண்டு தக்காளி, ஒரு நாள் பசங்களுக்கு பொரி. "இன்னாம்மா, துன்னியா?"ன்னு மேலேர்ந்து ஒரு சத்தம், அவ்ளோதான். அந்தம்மா இப்போ வியாசர்பாடிக்கு வீடு மாறிப் போய்ட்டாங்க, இன்னிக்கும் நல்ல நாள்னா மொதல்ல அவங்க வீட்டுக்குதான் போறேன். வேகமா நடந்துபோனவங்க பேரும் எனக்கு ஞாபகம் இருக்கு, அதுல ஒருத்தங்க கூட வந்து ஒரு வார்த்தை சொல்லல, சொல்லியிருந்தா அன்னிக்கே ஆறிப்போயிருக்கும்.

அதனால போங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே, மத்தியானம் அவங்க தனியா இருக்கற நேரமா பாத்துப் போங்க. "எல்லாரும்தானக்கா அப்படி இருந்தாங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. "அன்னிக்கு உங்க குடத்தை நான்தான்க்கா தள்ளினேன், தப்பு"ன்னு நேரா சொல்லுங்க. திட்டினா வாங்கிக்கோங்க, அழுதா கூட உக்காந்திருங்க. பத்திரிகை வெச்சா மொதல் நாளே போய் காய் நறுக்க உக்காருங்க. வெக்கலன்னாலும் பரவால்ல, பம்புல அவங்க குடம் நிரம்பினா எடுத்துட்டுப் போய் வாசல்ல வெச்சுட்டு வாங்க.

கேள்வி: வேப்பம்பூ எப்படி காயவெக்கிறது? எனக்கு பூஞ்சை பிடிச்சிடுது.
- வாசகி, காலடிப்பேட்டை

பதில்: ராத்திரியே மரத்தடியில பழைய வேட்டி விரிச்சிருங்க, விடியக்காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி வாரிடுங்க. காம்பு தூசி எல்லாம் பொறுக்கிட்டு மாடியில மெலிசா பரப்பி ரெண்டு மூணு நாள் காயவிடுங்க, சாயங்காலம் ஆனா உள்ள எடுத்துடணும், நம்ம பக்கம் கடல் காத்து, பனி இறங்கினா நமுத்துப்போயிடும், உங்களுக்கு பூஞ்சை பிடிக்கிறது அதனாலதான். கையில நசுக்கினா பொடியாகணும், அப்போ கண்ணாடி பாட்டில்ல போட்டு மூடுங்க. ரசத்துக்கு நெய்யில கறுக வறுத்து கடைசியா கொட்டுங்க.