பாட்நெட் எஸ்எம்எஸ் வந்தால் உடனே ஃபார்மட் அடிக்க வேண்டுமா?

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் டேலி கணக்கு எழுதுகிறேன். ‘பாட்நெட்டிலிருந்து பாதுகாக்க இலவச பாட் ரிமூவல் டூலை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் வந்தது. சர்வீஸ் கடையில் காட்டினேன். “சிஸ்டத்துல பாட் ஏறிடுச்சு, ஃபார்மட் அடிச்சு ஆன்ட்டிவைரஸ் போட 3,500 ரூபாய்” என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். இந்த எஸ்எம்எஸ் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் சார்பில் மொத்தமாகப் பலருக்கும் போவது. உங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு யாரும் அனுப்பவில்லை. அதை ஒரு வரி தமிழில் சொல்லியிருந்தால் நீங்கள் கடை ஏறியிருக்கவே மாட்டீர்கள்.

பாட் என்பது தானாக இயங்கும் ஒரு புரோகிராம். கூகுள் தேடலுக்காக இணையப் பக்கங்களைப் படித்துப் போவதும் பாட்தான், அதனால் கெடுதல் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரில் புகுந்து, எங்கோ இருப்பவன் சொல்படி ஸ்பேம் அனுப்புவது, பாஸ்வேர்டு திருடுவது, பிற தளங்களை முடக்குவது போன்ற வேலைகளைச் செய்வதுதான் ஆபத்து. அப்படி ஒருவன் பிடியில் சிக்கிய கருவிகளின் கூட்டம்தான் பாட்நெட்.

முதலில் சோதியுங்கள். எஸ்எம்எஸ்ஸில் உள்ள லிங்கைத் தொடாதீர்கள், அதே வாசகத்தில் போலியும் வரலாம். செர்ட்-இன் நடத்தும் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ தளத்தைத் தேடி, முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு டூலை இறக்குங்கள். கட்டணம் இல்லை. அடுத்து, திறந்திருக்கும் டேலியை மூடிவிட்டு விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் வழியாகப் போய் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் ஓடும். விண்டோஸ் எழும் முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ளும் பாட் கூடச் சிக்க வாய்ப்பு அதிகம்.

ஏதாவது சிக்கினால் பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள். செல்போனில் மாற்றி, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுங்கள். லாகின் குக்கீயை (நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் அடையாளத்தை) திருடியவனுக்குப் பாஸ்வேர்டே தேவைப்படாது.

சுத்தம் செய்த பிறகும் திரும்பி வந்தால் ஃபார்மட் அடிப்பது நியாயம்தான். அதை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் என் பயம். பல கடைகளில் திருட்டு விண்டோஸைப் போட்டு, அதை ஒரிஜினல் போலக் காட்டும் ‘ஆக்டிவேட்டர்’ ஓட்டுகிறார்கள். அது ஓடுவதற்காக, விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரின் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ (சோதிக்காமல் விடும் இடங்கள்) பட்டியலில் ஒரு ஃபோல்டரை, சில சமயம் சி டிரைவையே சேர்த்துவிடுவார்கள். அதன் பிறகு அங்கே எது வந்து உட்கார்ந்தாலும் டிஃபெண்டர் கண்டுகொள்ளாது. காசு கொடுத்து, பாட் நுழையக் கதவைத் திறந்துவிட்ட கதை இது. வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷனில் உள்ள மேனேஜ் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் அந்தப் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேர்க்காதது எது இருந்தாலும் நீக்குங்கள். லேப்டாப்போடு வந்த ஒரிஜினல் விண்டோஸ் என்றால் கடையே வேண்டாம். டேலி டேட்டாவை வெளியே காப்பி எடுத்துவிட்டு, செட்டிங்ஸில் ரிக்கவரி போய் ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்தால் லைசென்ஸ் தானே திரும்ப ஏறும்.

இன்னொரு வலை: ‘நான் ரோபோ அல்ல’ என்று நிரூபிக்க விண்டோஸ் கீயுடன் ஆர், பிறகு கண்ட்ரோல் வி, என்டர் அழுத்தச் சொல்லும் பக்கம். அழுத்தினால் நீங்களே வைரஸை ஓட்டுகிறீர்கள். உடனே மூடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. எஸ்எம்எஸ் பொதுவாக இல்லாமல், ‘உங்கள் இணைப்பிலிருந்து பாட் இயங்குகிறது’ என்று இன்டர்நெட் நிறுவனமே குறிப்பாக எழுதியிருந்து, கம்ப்யூட்டரும் சுத்தமாக இருந்தால், சிசிடிவி கேமராவின் டிவிஆரை (படம் பதிவாகும் பெட்டியை) சந்தேகப்படுங்கள். 2016-இல் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் முடங்கக் காரணமான மிராய் பாட்நெட், இப்படிப்பட்ட கேமராக்களிலும் ரூட்டர்களிலும்தான் குடியிருந்தது. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதன் சாவி. கேமரா மாட்டியவர் ‘123456’ போன்ற ஒன்றை வைத்து, செல்லில் பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட்டையும் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை) திறந்துவிட்டுப் போயிருப்பார். டிவிஆரை அணைத்துப் போட்டால் மிராய் அழியும், ஆனால் பாஸ்வேர்டு அதுவே என்றால் சில நிமிடங்களில் மறுபடி ஏறும். ஆகவே ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கையும், கருவிகள் தாமே போர்ட் திறக்க விடும் யுபிஎன்பியையும் முதலில் அணைத்து, டிவிஆரை ரீஸ்டார்ட் செய்து, உடனே பாஸ்வேர்டை மாற்றி, டிவிஆருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். எந்தக் கருவி என்று நிறுவனம் எழுதியிருக்காது. எந்த போர்ட், எந்த நேரம் என்று கஸ்டமர் கேரில் விடாமல் எழுதிக் கேளுங்கள்.