கோணல் சுவருக்குப் பயப்படாதீர்கள், சிமெண்டுக்குப் பயப்படுங்கள்

இங்கிலாந்தின் சஃபோக்கில் மரச்சட்டம் போட்ட பழைய பண்ணை வீடு ஒன்று வாடகைக்கு வருகிறது, மாடித் தரை சாய்வாக இருக்கிறது, சுவர் கோணல், குழந்தையோடு குடிபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. அப்படி ஒரு வீட்டில் நான்கு வருஷம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

கோணல் பெரும்பாலும் பழைய கதை. அந்தக் காலத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே வேலை செய்தார்கள். காய்ந்துவிட்டால் உளி இறங்குவது கஷ்டம். ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர முளை அடிப்பார்கள். வீடு எழும்பிய பிறகுதான் மரம் காயும், சுருங்கும், முறுக்கும். உத்தரங்களில் ரோமன் எண் மாதிரி உளிக்கீறல் இருந்தால் யாரோ கிறுக்கியது என்று நினைக்காதீர்கள். எந்தக் கட்டை எதோடு சேரும் என்ற தச்சர் குறி அது. முளையைத் தட்டினால் பிரித்துவிடலாம். கென்டில் நீர்த்தேக்கம் கட்டியபோது, 'பேலீஃப்' என்ற 15ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீட்டை இப்படித்தான் பிரித்து, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் ஊர்த் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது பூச்சை. சட்டங்களுக்கு நடுவே கழிகளைப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பியிருப்பார்கள். நம் ஊர் மண்சுவருக்குச் சொந்தக்காரன்தான். மேலே சுண்ணாம்பு இருந்தால் உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். நான் இருந்த வீட்டில் எப்போதோ சிமெண்ட் பூசிவிட்டிருந்தார்கள். விரிசல் வழியாகப் போன மழைத்தண்ணீர் திரும்பி வர வழியில்லை. ஒருநாள் அடிக்கட்டையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். டீயில் ஊறின ரஸ்க் மாதிரி பிடிவரை இறங்கியது. அந்த மாதமே வீடு தேட ஆரம்பித்தேன்.

அப்புறம், பட்டியலிட்ட கட்டிடமா, அதாவது சட்டப்படி பாதுகாக்கப்படும் பழைய கட்டிடமா (listed building) என்று கேளுங்கள். அப்படியானால் சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கச் சுவரில் ஓட்டை போடக்கூட அனுமதி தேவைப்படும். அனுமதியில்லாமல் செய்தால் கிரிமினல் குற்றம். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், வேறு வழியில்லை. இத்தனைக்கும் இந்த வகை வீடுகளில் ரொம்பப் பழையவற்றில் புகைபோக்கியே கிடையாது, நடுக்கூடத்தில் தரையிலேயே நெருப்பு மூட்டினார்கள். பரணில் டார்ச் அடித்துப் பாருங்கள், கைமரங்களில் அந்தக் கரி இன்னும் அப்பியிருக்கலாம்.