ஜென்மபாவம் (ஆதாமின் பாவம் பிறப்பிலேயே எல்லோருக்கும் வருவது) உண்டென்றால், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் கதி என்ன?

எல்லாச் சபைகளுக்கும் பொதுவான ஒரே பதில் இதற்கு இல்லை. ரோமர் 5:12-ஐ வைத்து, ஆதாமின் குற்றமே குழந்தை மீதும் இருக்கிறது என்றார் ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டின். அதனால் ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்பது அவர் முடிவு. கேட்கவே கஷ்டமாகத்தான் இருக்கிறது. பின்னால் வந்தவர்களுக்கும் இது உறுத்தியது. இடைக்காலத்தில் 'லிம்போ' என்ற கருத்து வந்தது: கடவுளை நேரில் காணும் பேறு இல்லை, வேதனையும் இல்லை. அக்குழந்தைகளுக்கு இயற்கையான மகிழ்ச்சி உண்டு என்றார் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். லிம்போ கத்தோலிக்கத்தில் கட்டாயக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்பட்டது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். 2007-இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம், இக்குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. நம்பிக்கைதான், உறுதி அல்ல.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அவர்கள் பார்வையில் ஆதாமிடமிருந்து வருவது மரணமும் பலவீனமும்தான், குற்றம் அல்ல.

அப்புறம் கால்வின் வழிவந்த சீர்திருத்த சபைகள். விசுவாசிகளான பெற்றோர், சிசுவிலேயே இறந்த தங்கள் பிள்ளைகளின் மீட்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்கிறது அச்சபைகளின் தலைவர்கள் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கம் (1619). மற்றவர்களின் பிள்ளைகள்? அங்கே மௌனம்தான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானமே கொடுக்காத பாப்டிஸ்டுகளில் பலர், நன்மை தீமை அறியாத வயதில் இறந்தால் மீட்பு நிச்சயம் என்பார்கள். சிசுவிலேயே இறந்த தன் மகனிடம் தான் போவதாக தாவீது சொல்வதை (2 சாமுவேல் 12:23) ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த ஒரு வசனம் இவ்வளவு பாரம் தாங்குமா என்பது எனக்குச் சந்தேகமே. தாவீது கல்லறையைத்தான் சொல்லியிருக்கலாம்.